சிவப்பு முத்திரையின் கதை – 6: கரண்ட் போனால் கணக்கு என்ன ஆகும்?

சிகாகோவில் சுவர்த்தாள் விற்கும் கடையில் வேலை பார்த்த ஆர்தர் பிட்னி, தபால்தலைக்குப் பதில் உறையில் கட்டண முத்திரை அடிக்கும் பிராங்கிங் மெஷினுக்கு 1902இல் காப்புரிமை வாங்கினார். அதை ஏற்கும்படி அஞ்சல் துறையின் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தார். 1920இல் வால்டர் போவ்ஸோடு கைகோத்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. ஆனால் 1924இல், போவ்ஸோடு ஒத்துப்போகாமல் பிட்னி வெளியேறினார். பெயர் மட்டும் நிறுவனத்தில் தங்கிவிட்டது. 1959இல் அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கு சமரசத்தில் முடிய, பிட்னி போவ்ஸ் தன் காப்புரிமைகளைப் போட்டியாளர்களுக்கும் தர வேண்டியதாயிற்று. இதுவரை பார்த்தது இவ்வளவு.

இந்த வாரம் 1970களுக்கு வருகிறோம். ஐம்பது ஆண்டுகளாகப் பல்சக்கரங்கள் காத்து வந்த பணக்கணக்கு சிலிக்கான் சில்லுகளின் கைக்கு மாறிய காலம் அது.

இந்த மாற்றத்தைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. கால்குலேட்டர் தப்பாகக் கணக்குப் போட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பிராங்கிங் மெஷின் தப்பு செய்தால் அரசாங்கத்தின் பணம் போகும். இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் பணம் போகும். அதனால்தான், அந்த மெஷினை வடிவமைத்த பொறியாளர்களின் வேலையை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன்.

*

ஒரே தண்டு

முதலில் பழைய மெஷினின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். அதன் பலம் எதில் இருந்தது என்று தெரிந்தால்தான், எலெக்ட்ரானிக்ஸ் எதை உடைத்தது என்பது புரியும்.

அச்சும் கணக்கும் அடங்கிய பாகத்துக்கு மீட்டர் என்று பெயர். அமெரிக்காவில் அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது. அது உற்பத்தியாளருக்குச் சொந்தம். வாடகைக்குத்தான் கிடைக்கும். பயன்படுத்த அன்று அஞ்சல் துறையின் உரிமம் வேண்டியிருந்தது. மெஷின் இருப்பதோ ஏதோ ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தபால் பிரிவில், ஒரு குமாஸ்தாவின் மேசையில். உண்டியல் பக்தரின் வீட்டில், சாவி கோயிலில் என்கிற மாதிரியான ஏற்பாடு.

மேலே நெம்புகோல்கள். கட்டணத்துக்கு ஏற்ப அவற்றை நகர்த்தினால், உள்ளே அச்சு உருளையில் இருக்கும் எண் சக்கரங்கள் திரும்பும். உறையைச் செருகியதும் உருளை ஒரு முழுச் சுற்று சுற்றி, சிவப்பு முத்திரையைப் பதிக்கும்.

கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. உருளையைச் சுற்றும் அதே தண்டுதான் கணக்குச் சக்கரங்களையும் சுற்றும். கணக்குகள் இரண்டு. ஒன்று ஏறுகணக்கு: மெஷின் பிறந்ததிலிருந்து அடித்த மொத்தத் தொகை. மற்றது இறங்குகணக்கு: முன்பணத்தில் மிச்சம் இருப்பது. ஒவ்வொரு முத்திரைக்கும் முதலாவது கூடும், இரண்டாவது குறையும். மிச்சம் தீரப்போகிறது என்றால் மெஷின் பூட்டிக்கொள்ளும்.

அச்சையும் கணக்கையும் பிரிக்க வழியே கிடையாது. கணக்கில் ஏறாமல் ஒரு முத்திரைகூட விழாது. பாதிச் சுற்றில் கரண்ட் போனாலும் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். இரும்புக்கு மறதி இல்லை.

அஞ்சல் துறை இந்த மெஷினை நம்பியதற்குக் காரணம் இந்த ஒரு தண்டுதான். பெட்டியைச் சுற்றிப் போட்ட ஈய முத்திரை கூடுதல் காவல், அவ்வளவே.

*

எட்டு, பத்து, பதின்மூன்று, பதினைந்து

அப்படியிருக்க, நன்றாக ஓடும் மெஷினை ஏன் மாற்ற வேண்டும்?

முதல் காரணம், நடை. முன்பணம் தீர்ந்ததும் மீட்டரை அடிப்பாகத்திலிருந்து கழற்றி, அஞ்சலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே வரிசையில் நிற்க வேண்டும். அஞ்சல் ஊழியர் ஈய முத்திரையை உடைத்து, சாவி போட்டுத் திறந்து, பணத்தைப் பெற்றுக்கொண்டு, அந்தத் தொகையைச் சக்கரத்தில் ஏற்றி, மறுபடி முத்திரை வைத்துத் தருவார். அதுவரை அலுவலகத்துத் தபால் அத்தனையும் காத்துக்கிடக்கும். நாள்தோறும் இரண்டு கணக்குகளையும் ஏட்டில் எழுதி வைக்கும் வேலை தனி.

இரண்டாவது காரணம், கட்டணம். 1971 ஜூலையில் அமெரிக்காவின் பழைய அஞ்சல் துறை கலைக்கப்பட்டு, தன் செலவைத் தானே ஈட்ட வேண்டிய அஞ்சல் சேவை நிறுவனம் உருவானது. பணவீக்கம் உச்சத்தில் இருந்த காலம். சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 1971 மே மாதம் 8 சென்ட் ஆனது. 1974 மார்ச்சில் 10. 1975இன் கடைசி நாளில் 13. 1978 மே மாதம் 15. ஏழு ஆண்டுகளில் நான்கு உயர்வு! பார்சலுக்கோ எடை, தூரம், வகை என்று பெரிய அட்டவணையே உண்டு. குமாஸ்தா தராசைப் பார்த்து, அட்டவணையைப் பார்த்து, நெம்புகோலை நகர்த்த வேண்டும். ஒரு எண் மாறினால் நஷ்டம்.

தராசே கட்டணத்தைக் கணக்கிட்டு நேராக மீட்டருக்குச் சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் தராசு மின்சாரத்தில் பேசும். மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் நெம்புகோல் மட்டும்.

மூன்றாவது காரணம் கலிபோர்னியாவிலிருந்து வந்தது.

*

கால்குலேட்டருக்குப் பிறந்த சில்லு

1971 நவம்பரில் இன்டெல் நிறுவனம் 4004 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிசிகாம் என்ற ஜப்பானியக் கால்குலேட்டர் நிறுவனத்துக்காக உருவானது அது. சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். துணைச் சில்லுகளோடு சேர்ந்த அந்தக் குடும்பத்துக்கு எம்சிஎஸ்-4 என்று பெயர்.

கனெக்டிகட் மாநிலம் ஸ்டாம்போர்டில் இருந்த பிட்னி போவ்ஸ் பொறியாளர்கள் இந்தக் குடும்பத்தைக் கையில் எடுத்தார்கள். பிராங்க் செக்கும் அவரது குழுவினரும் உருவாக்கிய நுண்கணினி அஞ்சல் மீட்டருக்கு 1976 ஆகஸ்ட் 31 அன்று காப்புரிமை கிடைத்தது.

அந்த வடிவமைப்பில் பழையதும் புதியதும் தோளோடு தோள் நின்றன. அச்சடிக்கும் பாகம், நிறுவனத்தின் பழைய 5300 மாடலிலிருந்து எடுத்த உருளையும் எண் சக்கரங்களும்தான். நெம்புகோலைத் தள்ளும் விரலுக்குப் பதில் ஸ்டெப்பர் மோட்டார். கணக்குச் சக்கரங்கள் இருந்த இடத்தில் நினைவகச் சில்லு.

மோட்டார் சொன்னபடி திரும்பியதா என்று எப்படித் தெரியும்? 15 சென்ட் கழித்துவிட்டு, சக்கரம் ஒரு பல் தள்ளி நின்று 25 சென்ட் அச்சானால்? அதற்காகச் சக்கரங்களின் நிலையை ஒளி உணரிகள் திரும்பப் படித்துச் சொல்லும்படி வைத்தார்கள். உத்தரவு போட்டதோடு விடாமல், நடந்ததா என்றும் கேட்கும் பழக்கம். இதுதான் இந்தத் துறையின் எலெக்ட்ரானிக்ஸை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

ஆனால் கணக்குப் போடுவது இந்தக் கதையில் எளிய பகுதி. கூட்டலும் கழித்தலும் 4004க்குத் தண்ணீர் பட்ட பாடு. கடினமானது வேறு.

*

பிளக் பிடுங்கப்படும் நொடி

மாலை ஐந்தரை. தபால் பிரிவில் கடைசிக் கட்டு உறைகள் மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. துப்புரவுப் பணியாளர் மேசைக்கு அடியில் சுத்தம் செய்கிறார். பிளக்கில் கால் இடறுகிறது. மின்சாரம் துண்டிக்கப்படுகிறது.

அந்த நொடியில் மீட்டருக்குள் 3,000 டாலர் முன்பணம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பழைய மெஷினில் அது சக்கரத்தில் இருந்தது. புது மெஷினில் அது ஒரு ரேம் சில்லில், மின்னழுத்தமாக இருக்கிறது. மின்சாரம் போனால் ரேமில் உள்ளது அழியும். 3,000 டாலரும் அழியும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 1977 ஜூலை 13 இரவு, ஸ்டாம்போர்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த நியூயார்க் மாநகரமே இருளில் மூழ்கியது. மின்சாரம் முழுமையாகத் திரும்ப மறுநாள் இரவாயிற்று. உலகின் மிகப் பெரிய வணிக நகரத்திலேயே கரண்டை நம்ப முடியாது என்றால், வேறு எங்கே நம்புவது?

மின்சாரம் இல்லாமலும் நினைவை வைத்திருக்கும் சில்லு அப்போதே உண்டு. எம்என்ஓஎஸ் என்று பெயர். அதில் மெல்லிய நைட்ரைடு படலம் ஒன்று மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளக் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் காக்கும்.

அப்படியென்றால் ஒவ்வொரு முத்திரைக்கும் கணக்கை அதிலேயே எழுதிவிடலாமே?

முடியாது. அந்தப் படலத்தில் எழுதி அழிக்க எழுதி அழிக்க, அதன் பிடிமானம் தளரும். ஒரு நாளைக்கு ஆயிரம் உறை அனுப்பும் அலுவலகம், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் முறை அதே இடத்தில் எழுதும். சில்லு தாங்காது. அதோடு, அதில் எழுதுவதற்கு நேரமும் அதிகம் பிடிக்கும்.

பொறியாளர்கள் கண்ட வழி இது. மெஷின் ஓடும்போது கணக்கு ரேமில் இருக்கட்டும். மின்சாரம் போகும் தறுவாயில் மட்டும், அதை எடுத்து நிலையான நினைவகத்தில் எழுதுவோம்.

தறுவாய் என்பதை எப்படி அறிவது? மின்வழங்கியில் மின்னழுத்தத்தைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கும் ஒரு சுற்று. பிளக் பிடுங்கப்பட்டாலும் உள்ளே அழுத்தம் உடனே பூஜ்ஜியம் ஆகாது. மின்தேக்கிகளில் கொஞ்சம் ஆற்றல் மிச்சம் இருக்கும். அழுத்தம் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதுமே, அந்தச் சுற்று நுண்கணினியை உலுக்கும். நுண்கணினி புது முத்திரைக்கு இடம் தராது. கையில் உள்ள எல்லா வேலையையும் விட்டுவிட்டு, ஏறுகணக்கையும் இறங்குகணக்கையும் நிலையான நினைவகத்துக்கு மாற்றும். மிச்ச ஆற்றல் தீர்வதற்குள், அதாவது சில மில்லி விநாடிகளுக்குள், இது முடிந்தாக வேண்டும். அதன்பின் நினைவகத்தின் வாசல் பூட்டப்படும். சாகும் தறுவாயில் சுற்று எழுப்பும் தாறுமாறான துடிப்புகள் எழுதியதன் மேல் எதையும் கிறுக்கிவிடக் கூடாது அல்லவா?

வேறொரு வழியும் இருந்தது. குறைந்த மின்சாரத்தில் வாழும் சிமாஸ் நினைவகத்தைச் சிறு பேட்டரியோடு பிணைத்து, ஒவ்வொரு முத்திரைக்கும் அதிலேயே எழுதுவது. இதில் தேய்மானம் இல்லை. ஆனால் பேட்டரி ஒரு நாள் சாகும். எதை எடுத்தாலும் ஒரு பயம் ஒட்டிக்கொண்டே வந்தது. அதனால் பிற்கால மீட்டர்கள் ஒரே கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எழுதி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுக்கொண்டன.

இன்னொரு கேள்வி, நியாயம் சார்ந்தது. முதலில் அச்சா, முதலில் கழிவா?

முதலில் அச்சடித்துவிட்டுப் பிறகு கழித்தால், கெட்டிக்காரன் ஒருவன் முத்திரை விழுந்த நொடியில் பிளக்கைப் பிடுங்குவான். மறுபடி செருகுவான், மறுபடி பிடுங்குவான். அஞ்சல் துறை திவாலாகும். முதலில் கழித்துவிட்டு அச்சடித்தால், நடுவில் கரண்ட் போகும்போது வாடிக்கையாளருக்கு ஒரு முத்திரையின் காசு நஷ்டம். மீட்டர் உலகம் இரண்டாவதையே விதியாக்கியது. முதலில் கழிவு, பிறகுதான் உருளைக்கு விடுதலை. நேர்மையான வாடிக்கையாளர்மேல் சிறு சுமை ஏறுகிறது, உண்மைதான். ஆனாலும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஏமாற்ற வழி விட்டிருந்தால் அந்த மெஷின் சந்தைக்கே வந்திருக்காது.

*

மூன்று அறைகள்

அச்சையும் கணக்கையும் பிணைத்த ஒரே தண்டு போய்விட்டது. அதன் இடத்தில் இப்போது கம்பிகள். கணக்கு ஓரிடத்தில், அச்சு ஓரிடத்தில், விசைப்பலகை ஓரிடத்தில். கம்பி வழியாகப் பொய் சொல்லலாம். அதன் வழியாகக் கேடும் வரலாம். குளிர்காலத்தில் கம்பளத்தின்மேல் நடந்து வந்து விசைப்பலகையைத் தொடும் விரலிலிருந்து பாயும் நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும், நினைவகத்தில் ஓர் எண் மாறிவிட.

1979 அக்டோபர் 30 அன்று ஜான் சோடர்பெர்க் குழுவினர் பெயரில் பிட்னி போவ்ஸ் ஒரு காப்புரிமை விண்ணப்பம் போட்டது. 1981 நவம்பரில் அது ஏற்கப்பட்டது. எலெக்ட்ரானிக் மீட்டரின் வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அது.

மெஷினை மூன்று அறைகளாகப் பிரித்தார்கள். விசைப்பலகையும் திரையும் உள்ள கட்டுப்பாட்டு அறை. கணக்கு அறை. அச்சு அறை. ஒவ்வொன்றுக்கும் தனி நுண்கணினி. கணக்கு அறையைச் சுற்றி, மின்காந்த இரைச்சல் புகாதபடி உலோகக் கவசம்.

அறைகளுக்கு இடையே பேச்சு வேண்டுமே! அதற்கு ஒளியைப் பிடித்தார்கள். ஒரு பக்கம் சிறு விளக்கு மின்னும். எதிர்ப்பக்கம் உணரி அதைப் படிக்கும். நடுவே மின் இணைப்பு கிடையாது. விரலில் இருந்து பாய்ந்த பொறி விசைப்பலகையைக் கெடுத்தாலும் கணக்கு அறையை எட்டாது. பேச்சிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓர் அறை அனுப்பியதை மறு அறை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னதும் கேட்டதும் ஒத்துப்போனால்தான் செய்தி செல்லும்.

கணக்கு அறைக்குள் இன்னொரு காவல். ஏறுகணக்கையும் இறங்குகணக்கையும் கூட்டினால் வரும் தொகை, அடுத்த முறை பணம் ஏற்றும் வரை மாறவே கூடாது. ஏறுகணக்கு 1,200 டாலர், இறங்குகணக்கு 500 என்றால் கூட்டுத்தொகை 1,700. ஒரு 15 சென்ட் கடிதம் போனபின் 1,200.15, 499.85. கூட்டினால் அதே 1,700. எப்போதாவது ஒரு சென்ட் பிசகினாலும் மெஷின் பூட்டிக்கொள்ளும். உற்பத்தியாளரின் ஆள் வந்து பார்க்கும் வரை திறக்காது.

பிட்னியின் பல்சக்கரங்கள் செய்த வேலையை, இந்த ஒரு கூட்டல் சரிபார்ப்பு செய்தது.

*

தொலைபேசியில் வந்த பணம்

இனி, அந்த அஞ்சலக நடை.

மீட்டருக்குப் பணம் ஏற்ற அதை அஞ்சலகத்துக்கு ஏன் தூக்கிப் போக வேண்டும்? திறக்கும் உரிமை அஞ்சல் ஊழியரிடம் மட்டும் இருப்பதால்தானே? அந்த உரிமையை ஓர் எண்ணாக மாற்றித் தொலைபேசியில் அனுப்பினால்?

ராபர்ட் மெக்பிக்கின்ஸ் குழுவினர் இந்த யோசனைக்கு 1974 பிப்ரவரியிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார்கள். மீட்டர் இன்னும் பல்சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்த காலம்!

வாடிக்கையாளர் முன்கூட்டியே வங்கியில் பணம் கட்டி வைக்க வேண்டும். பிறகு பொத்தான் தொலைபேசியில் தரவு மையத்தைக் கூப்பிட்டு, தன் கணக்கு எண், மீட்டர் எண், இரண்டு கணக்குகளின் அப்போதைய அளவு ஆகியவற்றை அழுத்த வேண்டும். மையத்துக் கணினி சரிபார்த்து, ஓர் எண்ணைக் குரலில் சொல்லும். அதை மீட்டரில் இட்டால் பூட்டு திறந்து, குறிப்பிட்ட தொகை ஏறும்.

அந்த எண் ஒருமுறைக்குத்தான். மையத்திலும் மீட்டரிலும் ஒரே விதை எண், ஒரே விதி. ஒவ்வொரு முறை திறந்ததும் இரண்டும் அடுத்த எண்ணுக்கு நகர்ந்துவிடும். நேற்றைய எண்ணை இன்று போட்டால் பூட்டு அசையாது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் இன்று நம் எல்லோர் கைப்பேசிக்கும் வருகிறது. அதே எண்ணத்தைத் தபால் பிரிவின் குமாஸ்தாக்கள் அன்றே பயன்படுத்தினார்கள்.

1978 ஜூனில் ஆல்டன் எக்கர்ட் குழுவினர் பெற்ற காப்புரிமை இதை நுண்கணினி மீட்டருக்குக் கொண்டுவந்தது. இப்போது வாடிக்கையாளர் விரும்பிய தொகையை ஏற்றிக்கொள்ளலாம். தொகையும் எண்ணின் கணக்கில் கலந்திருந்ததால், 100 டாலருக்கு வாங்கிய எண்ணை வைத்து 1,000 ஏற்ற முடியாது. 1970களின் இறுதியில் இந்தச் சேவை வாடிக்கையாளர்களுக்கு வந்தது. அஞ்சலக வரிசை ஒரு தொலைபேசி அழைப்பாகச் சுருங்கியது.

*

மை மட்டும் மாறவில்லை

1980களின் நடுவில் நிலைமையை ஒரு பார்வை பார்ப்போம். கணக்கு கவசத்துக்குள் பத்திரம். பணம் ஏற்றும் வழி பத்திரம். கரண்ட் போனாலும் பத்திரம்.

உறையின்மேல் விழுவது மட்டும் பழையபடி சிவப்பு மைதான்.

அஞ்சலகத்தில் அந்த முத்திரையை யார் சோதித்தார்கள்? கடிதங்களை நிமிர்த்தி அடுக்கும் இயந்திரம், புறஊதா ஒளியில் மின்னும் மை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். எவ்வளவு தொகை, எந்த மீட்டர், அந்த மீட்டர் உண்மையில் இருக்கிறதா என்றெல்லாம் அது கேட்காது. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் கடிதங்கள் ஓடும் இடத்தில் மனிதக் கண்ணாலும் அது ஆகாது.

1987இல் கேனன் நிறுவனம் வண்ண லேசர் நகல் இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிவப்பு முத்திரையைச் சிவப்பாகவே நகலெடுக்கும் வசதி கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. பழைய பல்சக்கர மீட்டர்களின் கணக்கைத் திருத்தும் வித்தையையும் மோசடிக்காரர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த மீட்டர்கள் அத்தனையையும் திரும்பப் பெறும்படி அஞ்சல் சேவை 1996இல் உத்தரவிட்டது. வேலை முடிய 1999 ஆயிற்று.

மீட்டர்களை மாற்றலாம். ஆனால் நகலெடுத்த மைக்கு என்ன மருந்து? கணக்கை இவ்வளவு கட்டிக்காத்த பொறியாளர்கள் இந்த ஓட்டையை விட்டுவிட்டார்களே என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உறை அலுவலகத்தை விட்டுப் போனபின் மீட்டரால் அதைத் தொடர்ந்து போக முடியாது. முத்திரைதான் தனக்குத் தானே சாட்சி சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு வழியை, பிட்னி போவ்ஸில் இருந்த ஹோசே பாஸ்டர் 1991இல் குறியாக்கவியல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். ஒவ்வொரு முத்திரையிலும் ரகசியச் சாவியால் கணக்கிட்ட எண்கள் இருக்க வேண்டும், படித்துப் பார்க்கும் எவருக்கும் அசல் எது போலி எது என்று அவை காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் யோசனை. ஒரு சிக்கல் மீதி இருந்தது. எண்களையும் சேர்த்து அப்படியே நகலெடுத்துவிட்டால் என்ன செய்வது?

அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)